கால் அறியாத செருப்பு

அன்பு மருமகள் சுகந்தினிக்கு,

கத்தாரிலிருந்து மாமா யோசேப்பு எழுதுவது. நீயும் அம்மாவும் சுகந்தானே? மாதா சாட்சியாக, ஒருவரும் நம்பாத கதையொன்று சொல்லப் போகிறேன்.

ஆறு மாதமாக எனக்கு நாரி நோவு, முதுகின் அடியில் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்குகிறவனுக்கு இது வழமைதான். பிறகு நோவு இடது காலுக்கு இறங்கியது. பழியைச் சப்பாத்தில் போட்டு, நாற்பது சோடியைக் கழற்றி எறிந்து நாடு கடத்தினேன்.

வெள்ளிக்கிழமை செருப்போடு கடைக்குப் போய் வந்தேன். அறைவாசலில், என்னோடு தங்கியிருக்கும் காத்தான்குடி அப்ஹாம் கத்தினான்.

"அண்ணே, மத்தச் செருப்பு எங்க?"

"கால்லதானே கிடக்கு!"

"எந்தக் கால்ல? குனிஞ்சு பாருங்க!"

இடது கால் வெறுங்காலாக, கொப்புளம் போட்டுக் கிடந்தது. திமிங்கிலமே பொரியும் வெயில் றோட்டில் அரை மைல் நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாது! ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"கால் நோவுக்கு நாரிதான் காரணம். அங்கே நரம்பு நெரிபடுகிறது" என்றார் டொக்டர். பனைமர உயர ஈட்டியைப் பாதத்தில் ஏற்றினார். நான் பூசைக்கு வந்த ஆயரைப்போல் புன்னகைத்தேன். இனிப் பாரம் தூக்கினால் கால் விளங்காதாம். தூக்காதவனுக்கு இங்கே வேலை ஏது?

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஊருக்கு வரும் அப்ஹாமிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பின்வார் வைத்த செருப்பு ஒரு சோடி அனுப்பு. அம்மா என்னை ஏசுவதையும் பதிந்து அனுப்பு, நீளமாக ஏசட்டும்.

அப்ஹாமை ஏற்ற வந்த வான் வாசலில் ஹோர்ன் அடிக்கிறது, முடிக்கிறேன். நாற்பது சோடி பொய், திமிங்கிலம் பொய், ஈட்டியும் பொய். டொக்டர் குத்தியது சின்ன ஊசிதான். அது குத்தியது எனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் மெய், பிள்ளை.

மாமா