மலையை மறைக்காத தொட்டி

20 ஜனவரி 2025, திங்கள்

அடி அண்ணாமலை தாண்டியுள்ள அந்தச் சின்ன ஊரில் இன்று சோதனை ஓட்டம். பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டார்கள். பன்னிரண்டு வரை மேல்நிலைத் தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் குழாயில் ஏறி, தொட்டியின் வாய்க்கு நாலு மீட்டர் கீழேயே நின்றுவிட்டது. ஒப்பந்தக்காரர் சக்கரவர்த்தி ஊர் முன்னால் என்னைக் கை காட்டுகிறார்: "பம்பு டிசைன் பண்ணது இந்த மேடம்தாங்க. அவங்களயே கேளுங்க."

கேட்டார்கள். நூறு பேர் நடுவில் வைத்து. எட்டு வருஷமாக என் கணக்கு தப்பியதில்லை!

21 ஜனவரி

கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். சரி. சரி. சரி. அப்புறம் ஏன்?

மேனேஜர் செழியன் சார், "ஆஃப்ஷீன், பம்பு பழுதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. கம்பெனிக்காரன் மாத்திக் குடுப்பான், மேட்டர் முடிஞ்சுது" என்கிறார். முடிஞ்சுதாம்! ஓடுகிற பம்பைப் பழுது என்று எழுதவா மெக்கானிகல் படித்தேன்?

23 ஜனவரி

தரை உயரம் அளக்கும் லெவல் கருவியோடு நானே போனேன். தொட்டி நிற்பது நான் கணக்குப் போட்ட இடமே இல்லை. தெருமுனையில் கட்டினால் மலை உச்சி மறையும், வாசலில் நின்று கும்பிட முடியாது என்று ஊரார் கேட்டு, பின்பக்கப் பாறை மேட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒன்பது மீட்டர் உயரம் கூடிவிட்டது. பம்பில் நான் உபரியாக விட்ட ஐந்து மீட்டர் போக, குறைந்தது அந்த நாலு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வரட்டும், நாளைக்கு அந்தச் சக்கரவர்த்தியை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன்.

வயல் கிணற்றிலிருந்து இரண்டு குடத்தோடு வந்த பாஞ்சாலை அக்கா, "இன்னும் எத்தினி நாளுங்க மேடம்?" என்றார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

24 ஜனவரி

சக்கரவர்த்தியிடம் கத்தினேன். அவர் கத்தவில்லை. பையிலிருந்து திருத்திய வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்தார். புதிய இடம், புதிய தரைமட்டம், எல்லாம் அதில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அக்டோபர் பதினான்கு.

பதினாறு தாள் ஒரே கட்டாக வந்த நாள். பம்புத் தாளை மட்டும் பார்ப்பேன். மற்றதெல்லாம் சிவில்காரர் வேலை என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவேன். எங்கள் ஆபீஸில் எல்லாரும் அப்படித்தான்.

எல்லாரும் அப்படித்தான்னா? ச்சீ! இப்ப யார் மேல பாயறது? இத்தனை நாளா நான் திட்டினது யாரை?

27 ஜனவரி

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கூட்டம். பம்பு பழுது என்ற கடிதத்தைச் செழியன் சார் டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. "பம்பு நல்லாத்தான் இருக்குங்க. இடம் மாறினதைப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான்" என்றேன்.

வெளியே வந்ததும் செழியன் சார், "அரிச்சந்திரன் பரம்பரையா நீங்க?" என்றார். ஆறு மாதத்துக்கு எந்த வரைபடத்திலும் நான் கையெழுத்திடக் கூடாதாம்.

30 ஜனவரி

பாஞ்சாலை அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

"நீங்க ஒத்துக்கினீங்க, சரி. கொடம் தூக்கறது நாந்தானே?"

நியாயம். ஆனாலும் வீடு வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

12 பிப்ரவரி

பௌர்ணமி. ஒன்பது மீட்டர் கூடத் தூக்கும் புதுப் பம்பு, கிரிவலக் கூட்டத்தில் லாரியோடு நாலு மணி நேரம் நின்றது. எவன் இன்றைக்கு அனுப்பச் சொன்னது!

5 மார்ச்

காலையில் பாஞ்சாலை அக்கா போன் செய்தார். "இன்னா மேடம் இது? கொழாயத் தொறந்தா இந்த அடி அடிக்குது! கொடம் நிக்க மாட்டேங்குது, பொடவ பூரா நனைஞ்சி போச்சி. கம்மியா வர்ற மாதிரி பண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

தொட்டி உயரத்தில் இருப்பதால் அழுத்தம் ஜாஸ்தி. தெரு வால்வைக் கொஞ்சம் மூடினால் சரியாகிவிடும். சொல்ல அரை நிமிஷம் போதும்.

அவர் திட்டி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.