பஞ்சுப் பேத்தியும் அப்பாவின் விலா எலும்பும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் அப்பாவின் விலா எலும்பு ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பதறாதே, அவர் எங்கேயும் விழவில்லை, சிரித்தார், அவ்வளவுதான்.

போன வாரம் போனில் நீ, "நான் தூக்கினா ஏதோ ஒண்ணு உடையும்மா. நானா, அவளான்னுதான் தெரியல," என்றாய். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குட்டியை நீயாகத் தூக்கவில்லை, பால் கொடுக்கும்போதும் மாப்பிள்ளைதான் பிடித்துக்கொள்கிறார் என்றாய். நான் அழுதேன். அப்பா தன் கடைக்குப் போய்விட்டார். சோபா தைக்கிறவருக்குத் துக்கம் வந்தாலும் கை ஊசியைத்தான் தேடும். சாயங்காலம் ஒரு பொம்மையோடு வந்தார். உள்ளே பழைய சோபாப் பஞ்சு, நடுவில் குட்டியின் எடைக்கு மணல், மேலே யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பூப்போட்ட திரைச்சீலை. முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி. "நம்ம பொண்ணுக்கும் எனக்கும் ஒரே நொறுங்குற எலும்பு, நான் குடுத்ததுதானே. எனக்குத் தாங்குறது அவளுக்கும் தாங்கும்," என்று சொல்லி அதைத் தூக்கிப் பழகுவதில் இறங்கிவிட்டார். அப்புறம் நான் பட்ட பாட்டைக் கேட்காதே. டிவி போடக் கூடாது, அது தூங்குகிறதாம். கடைக்கும் தூக்கிக்கொண்டு போனார். சோபா கொடுக்க வந்த ஆள் அதை ஓரமாக நகர்த்த, கழுத்தைப் பிடிக்காமல் தூக்குகிறாயே, நீயெல்லாம் பிள்ளை பெற்றவனா என்று சண்டைக்கே போய்விட்டாராம். இதைக் கேள்விப்பட்டு மாடிவீட்டம்மா வந்து, இப்படி எலும்பை வைத்துக்கொண்டு உன் பெண்ணுக்குக் குழந்தை எதற்கு என்றாள். "உங்க மூணு பிள்ளைக்கும் எலும்பு இரும்பாட்டம் இருக்கு, ஒருத்தனாவது உங்கள எட்டிப் பாக்கறானா?" என்று கேட்டேன். போய்விட்டாள். அவளை விடு, படித்த டாக்டரே உன்னிடம் அதைத்தானே கேட்டார். விரல் நுனிவரை எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள், பெற்றவள் தூங்கினாளா அழுதாளா என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அப்பா கண்டுபிடித்தது இது. கட்டிலில் சுவரில் சாய்ந்துகொள், இரண்டு முழங்கைக்கும் கீழே தலையணை, குட்டியை மாப்பிள்ளை உன் நெஞ்சில் படுக்க வைக்கட்டும், கை சும்மா அணைத்தால் போதும், பாரம் எலும்புக்கு வராது. உன் எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய். இதை எனக்குச் செய்து காட்டக் கூப்பிட்டார். பொம்மையைக் கட்டிலில் வைத்தார், தலையணை எடுக்கப் போனார், திரும்பி வந்து பெருமையாக அதன் மேலேயே உட்கார்ந்தார். பூசணிக்காய் முகம் சப்பென்று ஆகிவிட்டது. எழுந்து நின்று அதனிடம் மன்னிப்பு வேறு கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், சிரிப்பு அடங்காமல் விலாவில் டக்கென்றது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று கேட்டவரும் சிரிக்க, அவரைப் பார்த்து இவர் மறுபடி சிரிக்க, வலியில் கத்த, வெளியே இருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

நீ தனியாக இருக்கும்போது குட்டியிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறாயாம், மாப்பிள்ளை சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. அம்மாடி, இந்த அழுகைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். அடுத்த முறை போகும்போது வாயைத் திறந்து சொல், கேட்காவிட்டால் மனசுக்குப் பார்க்கிற வேறு டாக்டரிடம் போ.

இந்த விலா சமாச்சாரத்தை உனக்கு எழுதலாமா, இன்னும் பயப்படுவாயே என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. கைக்குழந்தையில அவ உதைச்சு என் தோள்ல காறை எலும்பு விரிசல் விட்டுச்சே, அதையும் எழுது. அந்த எக்ஸ்ரேய இன்னிக்கும் கடையில மாட்டி வெச்சிருக்கேன். வர்றவங்ககிட்டல்லாம் என் பொண்ணு உதைச்சதுன்னுதான் சொல்றேன்," என்றார்.

மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். சாய்ந்து உட்கார்ந்து குட்டியை அணைத்ததும், முதலில் எங்களுக்குப் போன் செய்.

உன் அம்மா
(அப்பா சார்பிலும். அவரைக் குனிந்து எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.)