நாலு பக்கமும் அறுபத்தைந்து அடி

1941 பிப்ரவரி 10, திங்கள்

கடலை வரத்து மட்டம். வந்த சரக்கும் ஈரம். மத்தியானம் சின்ன மகள் செவந்தி பேருக்கு மனைப் பத்திரம் முடிந்தது. பெரியவள் அழகிக்குப் போன வருஷம் கொடுத்தது போலவே நாலு பக்கமும் அறுபத்தைந்து அடி. கயிற்றை நானே பிடித்தேன். வாய்க்கால் சாய்வாக ஓடுவதால் மனையும் சாய்ந்து கிடக்கிறது. கிடக்கட்டுமே. சாய்ந்து நின்றால் ஆள் உயரம் குறைந்தா போகும்?

அன்னவாசல் தெருவில் தலைச்சுமையாகக் கடலை விற்றவன் நான். இன்று இரண்டு பெண்களுக்கும் ரோட்டோரம் மனை.

பிப்ரவரி 24, திங்கள்

மானம் போன நாள்.

குன்றாண்டார்கோவிலிலிருந்து சம்பந்தி அய்யாக்கண்ணு வந்தார். கூட செவந்தி மாப்பிள்ளை முத்துராமனும் அவன் அண்ணன் மலையாண்டியும். மலையாண்டி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அழகி வீட்டைப் போலவே கட்டவேண்டும் என்று அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டினார்கள். வீடு மனைக்குள் அடங்கவில்லை. இங்கிட்டு இழுத்தால் அங்கிட்டு வாய்க்காலில் இறங்குகிறது.

மலையாண்டி டேப்பை மூலைக்கு மூலை பிடித்தான். ஒரு மூலைவிட்டம் ஐம்பது அடி, மற்றது நூற்றிருபது.

"மாமா, இது சதுரமில்ல, சாய்சதுரம். பரப்பு மூவாயிரந்தான். அழகி மனை நாலாயிரத்து எரநூத்திச் சொச்சம்."

"நாலு பக்கமும் ஒண்ணுதானேப்பா, எங்கிட்டுக் குறையும்?" என்றேன்.

அவன் ஒரே நீளத்தில் நாலு குச்சி ஒடித்து மூலைகளை நாரால் கட்டினான். சதுரமாக வைத்தான். ஒரு பக்கம் தள்ளினான், சாய்ந்தது. "குச்சி குறஞ்சுச்சா மாமா?" இன்னும் தள்ளினான். நாலு குச்சியும் ஒட்டிப் படுத்துக்கொண்டன. நடுவில் விரல் நுழைய இடமில்லை. "எடம் எங்க போச்சு?"

நெசமாகவே எனக்கு இது தெரியாது. வயிற்றுக்காகச் சிறுவயதிலேயே மூட்டை தூக்கியவனுக்கு மூலைவிட்டம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அய்யாக்கண்ணு சிரித்தார். "ஈரக் கடலையக் காஞ்ச கடலைன்னு விக்கிறவருக்கு இது தெரியாதாக்கும்! பெத்த மகளுக்கே அளவுல கை வச்சுட்டீகளே சம்பந்தி."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஈரக் கடலை விற்றது உண்மை. அதனால்தான் யாரும் என்னை நம்பவில்லை.

பிப்ரவரி 27

செவந்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். "மனை சரியாகுற வரைக்கும் இங்ஙனயே இருக்கட்டும்" என்றானாம் மாப்பிள்ளை. வண்டியை விட்டு இறங்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

அடுத்த நிலமும் என்னுடையதுதான். குறைந்ததைச் சேர்த்து அளந்து கொடுக்க ஒரு நாள் போதும். வீட்டுக்காரி மீனம்மாள் காலையிலிருந்து அதையேதான் சொல்கிறாள். "குடுத்துத் தொலைங்களேன். மண்ணுதானே? புள்ள மொகத்தப் பாருங்க."

மண்தான். ஆனால் இன்று கொடுத்தால் அமுக்கினது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? நாளைக்கு எவன் என் தராசை நம்புவான்? முதலில் அய்யாக்கண்ணு நாலு பேர் முன்னால், 'இவர் ஏமாற்றவில்லை, தெரியாமல் நடந்தது' என்று சொல்லட்டும். மறுநாளே அளந்து விடுகிறேன். ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6

பதில் வந்தது. முதலில் மண், பிறகு பேச்சு.

மார்ச் 17, திங்கள்

பொறுத்திருப்பதுதான் சரி. சந்தையில் முதலில் இறங்கி வருகிறவன்தான் தோற்கிறான். வீடு கட்டக் கல் இறக்கிவிட்டார்கள், எத்தனை நாள் சும்மா போட்டுவைப்பார்கள்? தானாக வருவார்கள்.

செவந்தியைக் கூப்பிட்டால் வருகிறாள், சொன்னதைச் செய்கிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சித்திரை பிறந்துவிட்டது. மாப்பிள்ளை வருஷப் பிறப்புக்கும் வரவில்லை. அழகி வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "என் மனையில பாதிய வேணும்னாலும் அவளுக்குக் குடுத்துருங்கப்பா" என்று அழுதாள். அதட்டி அனுப்பினேன். அதட்டியிருக்கக் கூடாது.

குச்சிகளை நானும் கட்டித் தள்ளிப் பார்த்தேன். மலையாண்டி சொன்னது சரிதான். நிமிர்ந்து நிற்கிறபோதுதான் இடம் அதிகம். கொஞ்சம் சாய்ந்தால் தெரிவதில்லை. அதிகம் சாயச் சாய மளமளவென்று போகிறது. இத்தனை வருஷம் எத்தனை மனை வாங்கி விற்றிருக்கிறேன், இது உறைக்கவே இல்லையே! நானும் எங்கெங்கோ ஏமாந்திருப்பேன்.

மே 2, வெள்ளி

இறக்கிய கல்லை அவர்கள் வேறு யாருக்கோ விற்றுவிட்டதாகப் பேச்சு. கல்லை விற்கிறவன் பேரத்தில் இல்லை, எழுந்து போய்விட்டான் என்று அர்த்தம்.

மே 5, திங்கள்

குன்றாண்டார்கோவில் போனேன். நான் ஏமாற்றவில்லை என்று சொல்லவேண்டாம், ஒன்றும் சொல்லவேண்டாம், மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். குறைந்ததற்கு மேலேயே அளந்து பத்திரமும் எழுதி எடுத்துப் போனேன்.

அய்யாக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"இப்ப வந்து என்னத்துக்குங்க? பயலுக்கு எங்க அக்கா மகளப் பேசி முடிச்சாச்சு. வைகாசியில கல்யாணம்."

"என் மக இருக்கையிலேயா?"

"ஒங்க மக ஒங்க வீட்லதானே இருக்கா. ரெண்டு மாசமா நீங்க கூட்டியாந்து விடலையே."

முத்துராமன் மாட்டுக்கொட்டிலில் நின்றான், திரும்பவே இல்லை. மலையாண்டி மட்டும் வண்டி வரைக்கும் வந்தான். "மாமா, அளவு தப்புன்னுதான் நான் சொன்னேன். நீங்க திருடுனீகன்னு சொல்லல" என்றான். சொல்லவில்லைதான். அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் அவன் அப்பனிடம் அல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்!

மே 6

மீனம்மாளிடம் சொன்னேன். செவந்தியிடம் அவளே சொன்னாள்.

ஜூன் 8, ஞாயிறு

குன்றாண்டார்கோவிலில் இன்று கல்யாணம். கடையைத் திறக்கவில்லை.

மத்தியானம் செவந்தி சோறு போட்டாள். மோர் ஊற்றும்போது கேட்டாள்.

"அப்பா, ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"தெரியாது ஆத்தா."

"சரிப்பா."

அந்தச் 'சரி' எனக்குப் பழக்கம். 'அடக்க விலைக்கே கொடுக்கிறேன், தம்பிடி லாபமில்லை' என்று நான் சொல்லும்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, வேறு கடை இல்லாததால், சரக்கை வாங்கிக்கொண்டு போவார்கள்.