டொமினிக் பெயரில் ஏழு பேர்

ஹெப்பகோடி, பெங்களூரு,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் வலியும் நலமாகத்தான் இருக்கிறது, போக மாட்டேன் என்கிறது. நீ ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் டைப் அடித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பேசலாம் என்றாலோ, சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, சரி அம்மாகிட்ட குடுங்க என்று அரை நிமிடத்தில் நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் எழுதி, இதைப் படம் பிடித்து அனுப்ப அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், பெரிதாக்கிப் படி.

ஞாயிறு தோறும் நீ ஆன்லைனில் எடுக்கும் வகுப்பைப் பற்றி அம்மாவிடம்தான் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அது வேறு வழியில் தெரியவந்தது. எங்கள் ஃபேக்டரி மெயின்டனன்ஸில் என்னோடு வேலை செய்யும் டொமினிக், யாரோ ஒரு மேடம் மெஷின் கன்ட்ரோல் எல்லாம் தமிழிலேயே இலவசமாகச் சொல்லித் தராங்களாம், வாண்ணா என்று நான்கு மாதம் முன்பு அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். போனை டிவியில் போட்டதும் பார்த்தால் நீ! ஆனாலும் என் பெண் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்காக நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று தலையாட்டியிருப்பார்கள், நிஜமாக என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஒரு நாள் நீ, டொமினிக், இருக்கீங்களா இல்லையா என்று கண்டிப்பாகக் கேட்டாயே, அப்போது போன் என் கையில்தான் இருந்தது. பயந்துபோய் எஸ் மேடம் என்று அடித்து அனுப்பியது உன் அப்பாதான்.

இருபத்தாறு வருஷமாக மெஷினின் கன்ட்ரோல் பெட்டியைத் திறக்காதவன் நான். ஏதாவது ஆனால் மோட்டாரைக் கழற்றுவோம், இல்லை இன்ஜினியருக்குப் போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். போன மாதம் பேக்கிங் லைன் நின்று நின்று போனது. எல்லாரும் ஸ்பேனரைத் தூக்க, டொமினிக் மட்டும், இருங்கப்பா, மேடம் என்னா சொன்னாங்க, மொதல்ல இன்புட் லைட் எரியுதான்னு பாருன்னு சொல்லலையா என்றான். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு சென்சாரின் லைட் எரியவில்லை, வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கிறது. இருபது நிமிடத்தில் லைன் ஓடியது. இன்ஜினியர் வந்து, யாருய்யா பண்ணது என்று கேட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெருமையில்தான் கண்ணு, வேறொன்றும் இல்லை.

இப்படியிருக்க, வர ஞாயிறோடு வகுப்பை நிறுத்துகிறேன் என்று புதன்கிழமை குரூப்பில் மெசேஜ் போட்டிருக்கிறாய். முகமும் இல்லை குரலும் இல்லை, செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கும்மா என்று அம்மாவிடம் அழுதாயாம். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். டொமினிக் என்ற பெயருக்குப் பின்னால் நாங்கள் ஏழு பேர் பாயில் உட்கார்ந்திருக்கிறோம். உன் திரையில் கணேசமூர்த்தி என்று தெரிகிறதே, அது ஒரு வாடகை ரூம், அங்கே நான்கு பேர். மைக்கை அணைப்பது குக்கர் சத்தம் உனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று. கேமராவை அணைப்பது எல்லாரும் ஷிப்ட் முடிந்து லுங்கி பனியனோடு இருப்பதால். பாடம் சொல்பவர் முன்னால் அப்படி உட்கார்வது மரியாதை இல்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அந்த மரியாதைதான் உன்னை அழவைத்திருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தெரிந்தும் தெரியாதவன் மாதிரி இருந்த என் மேல்தான் பெரிய தப்பு, மன்னித்துவிடு.

நேற்று கேன்டீனில் எல்லாரும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் தாங்கவில்லை, அது என் பொண்ணுப்பா என்று சொல்லிவிட்டேன். உடனே டொமினிக், ஏண்ணா, இத்தினி நாளா வாய தொறக்காம எங்ககூட பாய்ல உக்காந்துனு இருந்தியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று சண்டைக்கு வந்தான். சண்டை போட்டுக்கொண்டே என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரவில் வெகுநேரம் கண் விழிக்காதே. அம்மா அனுப்பிய பருப்புப் பொடியைப் பூட்டி வைக்காமல் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். வகுப்பை நடத்துவதும் நிறுத்துவதும் உன் இஷ்டம், நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு இரண்டு வீட்டிலும் கேமராவைப் போடுகிறோம், பதினொரு பேரும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

உன் வகுப்பில் படிக்கும்
அப்பா எத்திராஜ்