இரண்டாவது அம்மீட்டர்

5-8-74
பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டு மரமண்டைகள். வரிசையாக இரண்டு பல்பு, முதல் பல்பு தின்றது போக மிச்ச மின்னோட்டம்தான் இரண்டாவதற்கு. இதைவிட எளிதாக எவன் சொல்வான்? ரெண்டும் ஒரே மாதிரி எரியுதே என்று அம்சா கேட்டாள். பல்பு மட்டம் என்றேன்.

6-8-74
ஜூனில் வந்த தற்காலிக டீச்சர் ஞானம்பாள், ஒன்பதாம் வகுப்பு போர்டில் 'இரண்டு பல்பிலும் ஒரே மின்னோட்டம்' என்று எழுதியிருக்கிறாள். நான் ஆறு வருஷ சர்வீஸ். என்னை ஒரு வார்த்தை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவள் வேலையை நீட்டிக்கக் கூடாது என்று எச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்தேன்.

8-8-74
புகார் செங்கல்பட்டு கல்வி ஆபீசுக்குப் போய்விட்டது. அவள் அழவில்லை. "அம்மீட்டர் வச்சுப் பாத்தீங்களா சார்?" என்கிறாள். என்ன திமிர்!

9-8-74
வைத்துப் பார்த்தேன். முதல் பல்புக்கு முன்னால் ஒன்று, இரண்டாவதற்குப் பின்னால் ஒன்று. இரண்டிலும் 0.3 ஆம்பியர். ஓட்டை மீட்டர், சர்க்கார் வாங்கிய லட்சணம். இடம் மாற்றி வைத்தேன். 0.3.

முதல் பல்பு தின்றது எங்கே போச்சு? வாய்விட்டே கேட்டிருக்கிறேன் போல. பியூன் கண்ணாயிரம் பக்கத்தில் நின்றான். குப்பத்து ஆள், விடிகாலையில் கரைவலை வேலை பார்த்துவிட்டு வருகிறவன்.

"படகு கடலுக்குள்ள போவசொல்ல வலைக்கயித்த நாலு பேரு வரிசையா புடிச்சி வுட்டுகினு இருப்போம் சார். மொத ஆளு கையில எவ்ளோ கயிறு ஓடுதோ, கடைசி ஆளு கையிலயும் அவ்ளோதான். கயித்த எவனும் துன்ன மாட்டான். எரியறது கைதான்."

கை எரிச்சல். பல்பின் சூடு. செலவாவது அதுதானா? ஓடுவது குறையவே இல்லையா? தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு ஆறு வருஷமா இன்னாடா சொல்லிக் குடுத்த நீ — தூ.

10-8-74
அம்சாவின் பரீட்சைத் தாளைத் தேடி எடுத்தேன். சரியாக எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் முட்டை போட்டிருக்கிறேன்.

12-8-74
செங்கல்பட்டு போனேன். புகாரை வாபஸ் வாங்கினால் போதும், காரணம் எழுத வேண்டாம், உங்கள் பெயர் கெடும் என்றார் அதிகாரி. எழுதினேன்: தவறாகக் கற்பித்தவன் நானே.

2-9-74
ஞானம்பாளுக்கு மார்ச் வரை நீட்டிப்பு. பத்தாம் வகுப்பு இயற்பியலும் இனி அவருக்கே. எனக்கு ஆறாம் வகுப்பு. கண்ணாயிரத்தைக் கூப்பிடாமல் இரண்டு அம்மீட்டரையும் நானே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன என்று சொன்னேன்.