காற்றின் பெயரில் நீ சேமித்த படங்கள்

என் சூசைக்கு,

உன் ஹார்டு டிஸ்க் சென்னைக்குப் போயிருக்கிறது. சிகிச்சைக்கு அங்கே போவோம் என்று உன் மனைவி ரோஸ்லினும் நானும் கெஞ்சியபோது, இந்தக் காற்றை விட்டுவிட்டு எங்கே போக என்று கேட்டவன் நீ. உனக்குப் பதிலாக அது போய்ப் படுத்திருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆலந்தலை ராயப்பனை உனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அவன் வள்ளம் கவிழ்ந்தது. நீ கண்ணை மூடிய பிறகு நடந்தது இது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ராயப்பன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. செய்தியை நான்தான் எழுதினேன். படம் கேட்டபோது அவன் மனைவி அமலி ஆதார் அட்டையை நீட்டினாள். அதிலிருந்து வெட்டிப் போட்டோம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத முகம் அது. மற்ற படங்களெல்லாம் அவனுடைய போனில் இருந்தன. போன் அவனோடு போய்விட்டது.

பிறகு ஒருநாள் அமலி உன் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் புது வள்ளம் இறக்கிய நாளில் நீ நம் பத்திரிகைக்காக வீடியோ எடுத்தாயாம். ராயப்பன் அதில் வெட்கப்பட்டுக்கொண்டு பேசினானாம். அது கிடைக்குமா என்று கேட்டாள். ரோஸ்லின் உடனே எனக்குப் போன் செய்தாள். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

டிஸ்க்கைச் செருகியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம். நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல, விட்டு விட்டு. திரையில் எதுவும் வரவில்லை. அமலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற முத்துக்குமாரிடம் கொண்டுபோனேன். அவன் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு வயரைப் பிடுங்கினான். உள்ளே சுழலும் தட்டைப் படிக்கிற முனை கெட்டுவிட்டதாம். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் அது தட்டைக் கீறுமாம். வேறு காப்பி எங்கே இருக்கிறது என்று கேட்டான். இதுதான் பேக்கப் என்றேன். “அண்ணாச்சி, ரெண்டு எடத்துல இருந்தாத்தான் பேக்கப்பு. ஒரே எடத்துல இருந்தா அது வெறும் பொட்டி” என்றான்.

நீ இருந்திருந்தால் அவனோடு சண்டைக்குப் போயிருப்பாய். கேமரா கார்டிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றியதும் கார்டை அழித்துவிடுவது உன் வழக்கம். பத்திரமாக வைத்தாயிற்று என்ற நிம்மதியில் கடைசிப் பிரதியையும் அழிக்கிற மனிதன் நீ.

முத்துக்குமார்தான் சென்னைக்கு அனுப்பினான். அங்கே தூசி புகாத அறையில் திறந்து, முனையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தட்டிலேயே கீறல் இருக்கிறது. புது முனையும் அதில் பட்டுத் தேயும். அதனால் ஒரு போல்டரை முதலில் எடுத்துப் பார்க்கலாம், அடுத்ததற்கு உறுதி சொல்ல முடியாது, எது என்று முடிவு செய்து சொல்லுங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூடவே போல்டர்களின் பெயர்கள்.

வாடை. கொண்டல். கச்சான். இவையே திரும்பத் திரும்ப, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். வேறு ஒன்றும் இல்லை.

தேதி போடு என்று எத்தனை முறை சொன்னேன் உன்னிடம்? “தேதி காலண்டர்ல கெடக்கு அண்ணாச்சி. காத்து எங்கன கெடக்கு?” என்பாய். கடற்கரையில் பிறந்தவனுக்கு அது போதும். வடக்கிலிருந்து வீசினால் வாடை, கிழக்கே கடலிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தால் கச்சான். ஒவ்வொரு காற்றுக்கும் வருடத்துக்கு ஓர் எண். கடல் இல்லாத சாயர்புரத்தில் பிறந்த எனக்கு எல்லாமே காற்றுதான். கோப்புகளில் இருக்கும் தேதியைப் பார்க்கலாமே என்றால், கேமராவின் கடிகாரத்தை நீ ஒருநாளும் சரிசெய்ததில்லை. நீ எடுத்த படங்கள் எல்லாமே ஒரே ஜனவரி முதல் தேதியில் பிறந்திருக்கின்றன.

ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். வாடை 9. உன் பேத்தியின் ஞானஸ்நானம். கோவில் வாசலில் உன் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கி நான் எடுத்த வீடியோ. குழந்தையை வைத்துக்கொண்டு, ஆட்டாமப் பிடிங்க அண்ணாச்சி என்று என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாய். மற்றவர்கள் போனில் எடுத்ததில் எல்லாம் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் உன் முதுகுதான் தெரிகிறது. நீ பேசுவதும் அசைவதும் அந்த ஒன்றில்தான். ரோஸ்லினின் நச்சரிப்பால் அன்று மாலையே நீ அதை டிஸ்க்கில் ஏற்றினாய்.

அதைக் கேட்டால் வரும். அமலியுடையது எதில் இருக்கிறது என்றே தெரியாது. ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை நானே மூடியதாகும். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். பேசாமல் இருந்தால் இரண்டும் அந்தத் தட்டிலேயே கிடக்கும், யாருக்கும் இல்லாமல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் முடிவுகளை எழுதியே பழகிவிட்டவன் நான்.

கடைசியில் ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாடை 9ஐக் கேட்டுவிடுவோம் என்று அவள் சொல்வாள், என் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், அதற்குத்தான் போனேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்த அமலிப் பிள்ளைக்கு உள்ளத எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி.”

உன் குரல் அதில் இருக்கிறது என்றேன். நீ பேசுவது வேறு எதிலும் இல்லை என்றேன்.

“தெரியும். எனக்குப் போயி உக்கார ஒரு கல்லறை இருக்கு. அவளுக்கு அதுவும் இல்லியே.”

மீனிடம் திரும்பிப் போய்விட்டாள். கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன் சூசை. உள்ளே இன்னொரு அறைதான் இருந்தது. இப்போது தப்பான போல்டரைச் சொன்னால் ரோஸ்லின் விட்டுக்கொடுத்ததும் வீண்.

அமலிக்குப் போன் செய்தேன். வள்ளம் இறக்கியது எந்த வருடம் என்று தெரிந்தது. ஈஸ்டர் கழிந்து என்றாள். ஞானஸ்நானத்துக்கு மூன்று வருடம் முந்தி. 9இலிருந்து பின்னால் எண்ணி, எண் 6 என்று கண்டுபிடித்தேன். அன்று என்ன காற்று என்று கேட்டேன். “கொண்டல்தான். சாமியார் வள்ளத்துல தெளிச்ச தீர்த்தமெல்லாம் எம்மேல வந்து விழுந்துச்சி. அவுக சிரிச்சாக” என்றாள்.

அப்படியானால் கொண்டல் 6. எழுதி அனுப்பப் போனேன். விரல் நின்றுவிட்டது.

படம் எடுத்த அன்றைக்கே நீ என்றைக்கு டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறாய்? ஞானஸ்நானம் தவிர ஒன்றுகூட இல்லை. கார்டு நிறையும்வரை திரிவாய். ஈஸ்டர் கழிந்து நிறைகிற கார்டை, கச்சான் எழும்பி, வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்து, உனக்கு எடுக்க ஒன்றும் இல்லாதபோதுதான் உட்கார்ந்து காலி செய்வாய். அப்போது ஜன்னலுக்கு வெளியே என்ன காற்று அடிக்கிறதோ, அதுதான் பெயர். படத்தின் காற்று அல்ல, நீ உட்கார்ந்த நாளின் காற்று. அப்படித்தானே? இல்லை, அந்த வாரம் மட்டும் ஏதோ புத்தி வந்து அன்றே ஏற்றிவிட்டாயா? சொல்லித் தொலையேன்.

கச்சான் 6 என்று அனுப்பிவிட்டேன். அமலி நேரில் கண்டதைத் தள்ளிவிட்டு உன் சோம்பலை நம்பினேன். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறிகள் விழுந்தன. வேலை தொடங்கிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இதை எழுதும்போது அங்கே அந்தத் தட்டு சுழன்றுகொண்டிருக்கிறது.

எது வந்தாலும் அமலிக்கு நான் போனில் சொல்லப்போவதில்லை. ராயப்பன் அதில் இருந்தால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு ஆலந்தலைக்குப் போவேன். இல்லாவிட்டாலும் அதே பஸ்ஸில் போவேன். அவள் வீட்டில் உட்கார்ந்து, எந்தப் பெயரைச் சொன்னது, ஏன் சொன்னது, யாருடையதை விட்டுவிட்டுச் சொன்னது என்று முழுவதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். திரும்பி வந்து ரோஸ்லினிடமும் அப்படியே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு பிறக்காத அண்ணாச்சி,
செல்லத்துரை