பதினேழாவது பெயர்

12 பிப்ரவரி, தாகேதா
கோயில் கும்பாபிஷேக மலருக்கு 'ரோசமண்ட்' கப்பலின் வரலாற்றை எழுத ஒப்புக்கொண்டேன். புத்தி கெட்டுப் போய்த்தான். அரிசி ஏற்றிய ஆற்றுக் கப்பல் அது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் கடற்படை அதை எடுத்துக்கொண்டு, ஒரு பீரங்கியைப் பொருத்தி, கண்ணிவெடி தேடும் துணைக்கப்பல் ஆக்கிவிட்டது. வேலையாட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள். 1942-ல் முகத்துவாரத்தில் மூழ்கியது. என் தாத்தா அப்பாசாமியின் தம்பி சின்னத்தம்பி அதோடு போனார். தை அமாவாசைக்குத் தம்பிக்குப் பிண்டம் வைக்கும்போது தாத்தா அழுவார். சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

3 மார்ச்
வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் இறந்தவர்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். நாற்பத்தொரு பேர். சின்னத்தம்பி இல்லை. பதினேழாவது பெயர்: அப்பாசாமி, கரி அள்ளுபவர்.
தாத்தா 1999 வரை இந்த வீட்டில்தானே இருந்தார்?

4 மார்ச்
அம்மாவிடம் கேட்டேன்.
"கூப்பிட்டது ஒங்க தாத்தாவத்தான். அப்பத்தான் அவருக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு. தம்பிக்காரரு 'ஒன் பேர்ல நான் போறேன்'னாராம். இவரும் சரின்னுட்டாரு."
அதனால்தான் அப்பாவின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் சின்னத்தம்பி! செத்த தம்பியின் பெயரில் ஐம்பத்தேழு வருஷம் வாழ்ந்திருக்கிறார். சே, என்ன மனுஷன். மலரில் இதை எழுதத்தான் போகிறேன்.

19 மார்ச்
கட்டாய ராணுவத்துக்கு ஆள் எடுக்க வார்டில் சீட்டுக் குலுக்கினார்கள். என் பெயர் வந்தது: சுரேந்திரன்.

20 மார்ச்
என் மனைவி தமிழரசிக்கு ஏழாம் மாதம். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.
என் தம்பி செல்வம் மோஹிங்கா மீன் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, ஒன் கார்டக் குடு. போட்டோவுல ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான இருக்கோம்."
வாயை மூடுடா என்று கத்தினேன். ஒரு தரம்தான் கத்தினேன். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

27 மார்ச்
மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தார்கள். எழுதவில்லை, எழுதமாட்டேன் என்றேன்.

8 ஏப்ரல்
லாரி வந்தது. பட்டியலை வாசித்தார்கள். "சுரேந்திரன்" என்றதும் செல்வம் கையைத் தூக்கினான். எவனும் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்... நின்றேன், அவ்வளவுதான்.

14 ஏப்ரல்
பாலத்தில் சிப்பாய்கள் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். அட்டையை நீட்டினேன். பெயர் என்ன என்று கேட்டான்.
செல்வம் என்றேன். போகச் சொன்னான்.